இறக்க முடியாததால் இறந்த கரு

இஸ்ரேலின் ரெகோவோத் நகரில் உள்ள வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் டேவிட் வாலக் என்பவரின் குழு 1998-இல் ஒரு சுண்டெலிக் கருவைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. காஸ்பேஸ்-8 என்ற ஒரே ஒரு புரதம் உருவாகாதபடி மரபணு மாற்றப்பட்ட கரு அது. காஸ்பேஸ்-8 ஒரு கொலைகாரப் புரதம் என்பது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் தெரியவந்திருந்தது. 'நீ இறந்துபோ' என்று வெளியிலிருந்து ஒரு செல்லுக்கு ஆணை வந்தால், உள்ளே அதை நிறைவேற்றத் தொடங்குவது இந்த நொதிதான். அப்படிப்பட்ட ஒன்றை நீக்கிவிட்டால் என்ன ஆக வேண்டும்? சாக வேண்டிய சில செல்கள் சாகாமல் தங்கிவிடும். வேண்டுமானால் பிறக்கும் குட்டியின் உடலில் எங்காவது சில செல்கள் கூடுதலாக இருக்கும். யாரும் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான்.

ஆனால் கருவே பிழைக்கவில்லை. சுண்டெலியின் கர்ப்பகாலம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதியைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே, இதயத் தசை சரியாக வளராமல், உடலெங்கும் இரத்தம் தேங்கி, கருக்கள் ஒவ்வொன்றாக இறந்தன. கொல்லும் புரதத்தை எடுத்துவிட்டால் சாவு குறையாமல் கூடுகிறது என்றால், அந்தப் புரதம் அதுவரை வேறு எதையோ தடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எதை என்று விடை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. செல்கள் எத்தனை விதமாக இறக்கின்றன, ஒரு விதம் இன்னொன்றோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று நாம் இன்று அறிந்திருப்பவற்றில் பெரும்பகுதி அந்தக் காலகட்டத்தை ஒட்டியே வெளிச்சத்துக்கு வந்தது.

முதலில் அமைதியான சாவிலிருந்து தொடங்குவோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நோயியலாளர் ஜான் கெர் 1960-களில் லண்டனில் எலிகளின் கல்லீரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்லீரலுக்கு வரும் சிரையின் கிளையைக் கட்டிவிட்டால் அந்தப் பகுதி மெல்லச் சுருங்கும். நுண்ணோக்கியில் பார்த்தபோது சில இடங்களில் செல்கள் கூட்டமாக வீங்கி அழுகியிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிச் செல்கள் சுருங்கி, சிறு உருண்டைகளாகப் பிரிந்து, அக்கம்பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டுக்கொண்டிருந்தன. சுற்றிலும் வீக்கமில்லை, வெள்ளையணுக்கள் திரண்டு வரவில்லை. அபர்தீன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டைர் கரி இருவரோடும் சேர்ந்து 1972-இல் அவர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்.

பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும் கொத்தனார் முதலில் ஓடுகளை இறக்குவார், பிறகு சட்டங்களைக் கழற்றுவார், கதவு நிலைகளைப் பெயர்த்து எடுப்பார். தெருவில் ஒரு செங்கல்கூட விழாது. அப்போப்டோசிஸ் நடப்பதும் இப்படித்தான். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு துளைபட்டு, அங்கே மூச்சுவிடும் வேதிவினைக்கு உதவிக்கொண்டிருந்த சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசிகிறது. 1996-இல் இதை முதலில் காட்டிய ஷியாடாங் வாங்கின் ஆய்வை ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. உயிரைக் காக்கும் வேலையில் இருக்கும் ஒரு புரதம், இடம் மாறியதும் கொல்லும் வேலையைத் தொடங்கிவைக்கும் என்பது அவ்வளவு புதிய செய்தி. கசிந்த புரதம் காஸ்பேஸ்-9-ஐ எழுப்புகிறது. அது காஸ்பேஸ்-3-ஐ எழுப்புகிறது. புரதச் சங்கிலிகளில் அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கும் இடமாகத் தேடி வெட்டுவதே இந்த நொதிகளின் தொழில். உட்கருவின் சட்டகம், செல்லின் எலும்புக்கூடு என நூற்றுக்கணக்கான புரதங்கள் வெட்டுப்படுகின்றன, டிஎன்ஏ துண்டுகளாகிறது. அதே நேரத்தில், செல் சவ்வின் உட்புறம் மட்டுமே இருக்க வேண்டிய பாஸ்ஃபாட்டிடைல்செரீன் என்ற கொழுப்பு வெளிப்புறத்துக்கு வருகிறது. பக்கத்தில் இருக்கும் விழுங்கும் செல்களுக்கு இதுவே அழைப்பு. சவ்வு கிழிவதற்கு முன்பே உண்டு முடித்துவிடுகின்றன.

இந்த வேலை நம் உடலில் எவ்வளவு நடக்கிறது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஒரு நாளில் ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் போய்ப் புதிய செல்கள் வருகின்றன என்று 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. பெரும்பாலும் இரத்த அணுக்களும் குடலின் உட்பரப்புச் செல்களும்தான். எடையில் சுமார் 80 கிராம். இவ்வளவு சாவு நடந்தும் நமக்குக் காய்ச்சல் வருவதில்லை, எங்கும் வலிப்பதில்லை. அமைதியான சாவு என்று ஒன்று இல்லாவிட்டால் பலசெல் உயிர் என்பதே சாத்தியமில்லை என்று நான் நம்புவது இதனால்தான்.

இதன் மரபணுக்களை நமக்குக் காட்டியது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழு வளரும்போது 1,090 உடற்செல்கள் உருவாகின்றன; அவற்றில் 131 இறக்கின்றன; 959 எஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்கள்தான். ஜான் சல்ஸ்டன் உயிருள்ள புழுவை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, செல் செல்லாகப் பின்தொடர்ந்து இதைக் கண்டறிந்தார். ராபர்ட் ஹார்விட்ஸ் அந்தச் சாவுக்குப் பொறுப்பான மரபணுக்களைத் தேடிப் பிடித்தார். சிட்னி பிரென்னரோடு இவர்கள் இருவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹார்விட்ஸ் கண்ட மரபணுக்களில் செட்-3 என்பது புழுவின் காஸ்பேஸ். அது பழுதான புழுவில் அந்த 131 செல்களும் பிழைத்துக்கொள்கின்றன. புழுவும் நன்றாகவே வாழ்கிறது. வைஸ்மன் நிறுவனத்தின் சுண்டெலிக் கரு மட்டும் ஏன் செத்தது என்ற கேள்வி, இந்தப் புழுவை அருகில் வைத்துப் பார்த்தால் இன்னும் கூர்மையாகிறது.

அமைதியான சாவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மனிதரிலேயே சான்று உண்டு. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 14-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஎல்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருகவைப்பது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1988-இல் மெல்போர்னில் டேவிட் வோ, சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் மூவரும் பிசிஎல்-2 எதையும் பெருக்குவதில்லை, செல்லைச் சாகவிடாமல் தடுக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் புரதத்தை அடைத்து, சாக மறந்த செல்லுக்குச் சாவைத் திருப்பித் தரும் மருந்துதான் வெனடோகிளாக்ஸ். 2016-இல் அமெரிக்காவில் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்.

இனி காஸ்பேஸ்-8. ஒரு செல்லுக்கு உள்ளே பழுது ஏற்பட்டால் மைட்டோகாண்ட்ரியா வழி திறக்கிறது. ஆணை வெளியிலிருந்து, டிஎன்எஃப் போன்ற மூலக்கூறுகளின் வடிவில் வந்தால் காஸ்பேஸ்-8 வழி திறக்கிறது. இரண்டும் கடைசியில் காஸ்பேஸ்-3-இல் வந்து சேர்கின்றன. வைரஸ்களுக்கு இது நன்றாகத் தெரியும். தாம் பெருகி முடிப்பதற்குள் செல் இறந்துவிட்டால் அவற்றுக்கு நஷ்டம். அதனால் காஸ்பேஸ்களை முடக்கும் புரதங்களைப் பல வைரஸ்கள் வைத்திருக்கின்றன. பசு அம்மை வைரஸின் கிரெம்-ஏ அப்படி ஒன்று. காஸ்பேஸ்-8-ஐயும் காஸ்பேஸ்-1-ஐயும் பிடித்துச் செயலற்றதாக்கிவிடும்.

வைரஸ் செய்வதை ஆய்வகத்தில் மருந்தால் செய்து பார்த்தார்கள். காஸ்பேஸ்களை முடக்கிவிட்டு, டிஎன்எஃப் கொடுத்தார்கள். செல்கள் பிழைக்கும் என்பது கணக்கு. ஆனால் சில வகைச் செல்கள் முன்னைவிட வேகமாகச் செத்தன. அதுவும் சுருங்கி அல்ல, ஊதி வெடித்து. கெர் கல்லீரலில் கண்ட, விபத்துபோலத் தோன்றிய அந்த மற்றொரு சாவுக்கும் செல்லுக்குள் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது என்று அப்போதுதான் சந்தேகம் எழுந்தது. 2005-இல் ஹார்வர்டில் ஜுன்யிங் யுவானின் குழு இந்தச் சாவை மட்டும் தடுக்கும் ஒரு சிறு மூலக்கூறைக் கண்டுபிடித்து, சாவுக்கு நெக்ரோப்டோசிஸ் என்றும் மூலக்கூறுக்கு நெக்ரோஸ்டாட்டின் என்றும் பெயர் வைத்தது. அது ரிப்-1 என்ற நொதியை அடக்குகிறது. 2009-இல் ரிப்-3 அகப்பட்டது. 2012-இல் எம்எல்கேஎல் அகப்பட்டது. ரிப்-1, ரிப்-3-ஐத் தூண்டுகிறது. ரிப்-3, எம்எல்கேஎல்-உடன் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. எம்எல்கேஎல் கூட்டமாகச் செல் சவ்வுக்குப் போய் அதைக் குலைத்துவிடுகிறது. உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டுகிறது. நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அந்தக் கொட்டல் அபாய அறிவிப்பு. ரிப்-3 இல்லாத சுண்டெலிகளால் வாக்சினியா வைரஸைச் சமாளிக்க முடிவதில்லை என்றும் 2009-லேயே தெரிந்தது. முதல் வழியை வைரஸ் அடைத்தால் இரண்டாம் வழி திறக்கிறது. எதிரிக்கு இடம் கொடுக்காமல் இறக்க, செல்லிடம் மாற்று ஏற்பாடு இருக்கிறது.

மாற்று ஏற்பாடு சாதாரண நாள்களில் ஏன் கிளம்புவதில்லை? அங்கேதான் காஸ்பேஸ்-8 வருகிறது. அது ரிப்-1-ஐயும் ரிப்-3-ஐயும் வெட்டிப்போடுகிறது. ஆக, ஒரே நொதிக்கு இரண்டு கடமைகள்: அமைதியான சாவைத் தொடங்கிவைப்பது, ஆரவாரச் சாவை அடக்கிவைப்பது. 2011-இல் இரண்டு குழுக்கள் அந்தப் பழைய பரிசோதனையை இன்னொரு படி முன்னே கொண்டுசென்றன. காஸ்பேஸ்-8-ஐ மட்டும் நீக்காமல் ரிப்-3-ஐயும் சேர்த்து நீக்கினார்கள். சுண்டெலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டியும் போட்டன. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் கருக்களைக் கொன்றது, அடக்க ஆளில்லாமல் போன நெக்ரோப்டோசிஸ். அறிவியல் வரலாற்றில் இவ்வளவு சுத்தமாக அவிழ்ந்த முடிச்சுகள் குறைவு. ஒன்றை நீக்கினால் சாவு. அதோடு இன்னொன்றையும் நீக்கினால் வாழ்வு. ஆனால் அந்த எலிகளுக்கும் வயது ஏற ஏற நிணநீர்க் கணுக்கள் பெருத்தன. வேலை முடிந்த டி-செல்களை வெளியேற்ற அமைதியான சாவு வேண்டும். அதற்குக் காஸ்பேஸ்-8 இல்லை.

மனிதர்களிடமும் இதே இணைப்பு எங்கே அறுந்திருக்கிறது என்று 2020-இல் தெரிந்தது. சிறுவயது முதலே அடிக்கடி காய்ச்சல், நிணநீர்க் கணு வீக்கம் என்று அவதிப்பட்ட சில குடும்பங்களில், ரிப்-1 புரதத்தின் 324-ஆவது இடத்தில் இருந்த அஸ்பார்ட்டிக் அமிலம் மாறியிருந்தது. காஸ்பேஸ்-8 வெட்டும் இடமே அதுதான். அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று ஒழுங்காக இருந்ததால் அவர்கள் பிறக்க முடிந்தது. மற்றப் பிரதியில் இருந்த ஒரே ஓர் அமினோ அமில மாற்றம் ஆயுள் முழுவதும் காய்ச்சலைக் கொடுத்தது.

காஸ்பேஸ் என்றாலே அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. ஷிகெல்லா என்ற பாக்டீரியா நமக்கு இரத்தபேதியைத் தருவது. அது பெருவிழுங்கிச் செல்லுக்குள் புகுந்தால் அந்தச் செல் சீக்கிரமே இறந்துபோகிறது. 1992-இல் ஆர்துரோ சிக்லின்ஸ்கியும் கூட்டாளிகளும் இதை விவரித்தபோது அப்போப்டோசிஸ் என்றே எழுதினார்கள். அன்றைய கருவிகளுக்கு அப்படித்தான் தெரிந்தது. இறக்கும் செல் வெடிப்பதும், காய்ச்சலைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-1 அதிலிருந்து கொட்டுவதும் பிறகு தெளிவாயின. இங்கே வேலை செய்வது காஸ்பேஸ்-1. இந்தச் சாவுக்கு 2001-இல் பைரோப்டோசிஸ் என்று பெயர் வந்தது. சவ்வு எப்படி உடைகிறது என்று தெரிய மேலும் பதினான்கு ஆண்டுகள். 2015-இல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் குழுவும் கலிஃபோர்னியாவில் ஜெனன்டெக் நிறுவனத்தில் விஷ்வா தீட்சித்தின் குழுவும் ஒரே நேரத்தில் காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தைச் சுட்டின. காஸ்பேஸ்-1 அதை வெட்டினால், வெட்டுண்ட துண்டுகள் வட்டமாகக் கூடிச் சவ்வில் சுமார் 20 நானோமீட்டர் அகலத் துளை போடுகின்றன.

நெக்ரோப்டோசிஸும் பைரோப்டோசிஸும் வெளியே பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் செல் ஊதும், இரண்டிலும் சவ்வு போகும், இரண்டிலும் அழற்சி உண்டு. வேறுபாடு செய்தியில் இருக்கிறது. பைரோப்டோசிஸில் இன்டர்லூக்கின்-1 தயாராகிச் செயல்படும் நிலையில், துளை வழியாக ஒழுங்காக வெளியேறுகிறது. துளை போட்ட பின்னும் சில செல்கள் சவ்வைச் செப்பனிட்டுப் பிழைத்துக்கொள்வதும் உண்டு. நெக்ரோப்டோசிஸில் கொட்டுவது செல்லின் பொது உள்ளடக்கம். இங்கே படையெடுப்பு நடக்கிறது என்பதைவிட இங்கே சேதம் நடந்திருக்கிறது என்ற அறிவிப்பு. சவ்வு கடைசியாகக் கிழிவதுகூடத் தானாக நடக்கும் பௌதிகச் சங்கதி என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2021-இல் தீட்சித்தின் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை அதையும் மாற்றியது. நின்ஜ்-1 என்ற புரதம் இல்லாத பெருவிழுங்கிகள் துளைபட்டு இறக்கின்றன, பெரிய குமிழ்களாக வீங்குகின்றன, ஆனால் வெடிப்பதில்லை. கிழிவதற்கும் ஒரு புரதம் இருந்திருக்கிறது.

வழிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதும் உண்டு. காஸ்டெர்மின் குடும்பத்தில் காஸ்டெர்மின்-இ என்பதை வெட்டுவது காஸ்பேஸ்-3, அதாவது அமைதிச் சாவின் நொதி. 2017-இல் வெளியான இந்த உண்மை மருத்துவருக்கு முக்கியமானது. காஸ்டெர்மின்-இ நிறைய உள்ள ஒரு செல்லுக்குள் கீமோதெரபி மருந்து போய்க் காஸ்பேஸ்-3-ஐ எழுப்பினால், அமைதியாக முடிந்திருக்க வேண்டிய சாவு வெடிப்பாக முடிகிறது. நம் ஆரோக்கியமான திசுக்கள் சிலவற்றில் அந்தப் புரதம் நிறையவே இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவுகளில் ஒரு பங்கு இப்படி வருவதாக எலி ஆய்வுகள் காட்டுகின்றன.

இரும்பால் வரும் சாவு இவற்றிலிருந்து விலகி நிற்பது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரெண்ட் ஸ்டாக்வெல்லும் ஸ்காட் டிக்சனும் 2012-இல் இதற்கு ஃபெர்ரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். திறந்துவைத்த நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கிறதே, அந்த வேதிவினையேதான் இங்கேயும். செல் சவ்விலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. இரும்பு அதைச் சங்கிலியாகப் பரப்புகிறது. உயிருள்ள செல்லில் இது ஒவ்வொரு நொடியும் நடக்கப் பார்க்கிறது. ஜிபிஎக்ஸ்-4 என்ற நொதி ஒவ்வொரு நொடியும் அணைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குச் செலீனியம் வேண்டும், குளூட்டாதயோன் வேண்டும், குளூட்டாதயோனுக்கு சிஸ்டீன் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் சவ்வு சீர்கெட்டு உடைகிறது. கொல்வதற்கென்றே அமைந்த நொதி ஒன்று இங்கே ஆணைக்காகக் காத்திருப்பதில்லை. காவல் விலகினாலே போதும். வளர்ந்த சுண்டெலியில் ஜிபிஎக்ஸ்-4-ஐ நீக்கினால் சிறுநீரகங்கள் திடீரெனச் செயலிழந்து எலி இறக்கிறது. வைட்டமின்-இ இந்தச் சாவைத் தடுக்கும். இரும்பைப் பிணைக்கும் மருந்தும் தடுக்கும். மாரடைப்பில் அடைப்பு நீங்கி இரத்தம் திரும்பப் பாயும்போது இதயத்தசை ஏன் மேலும் சேதமடைகிறது என்பதற்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது.

இதையும் முந்தியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கலாமா? எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நெக்ரோப்டோசிஸ் பரிணாமம் ஒரு பயனுக்காகப் பேணிய ஏற்பாடு; ஃபெர்ரோப்டோசிஸ் அதிகமும் தற்காப்பின் தோல்வி. செல் சாவுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2018-இல் ஒரு டஜன் வகைகளைப் பட்டியலிட்டது. 2022-இல் தாமிரத்தால் வரும் குப்ரோப்டோசிஸ் வந்து சேர்ந்தது. பெயர்கள் பெருகுவதைவிட, சவ்வு முழுதாக இருக்கிறதா, இறந்த செல் அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்லிவிட்டுப் போகிறது என்று கேட்பதே பலனுள்ள கேள்வி. ஆய்வகத்தில் இதைப் பிரித்தறிவது எளிதல்ல. பாஸ்ஃபாட்டிடைல்செரீனைப் பிடிக்கும் அனெக்சின் சோதனையை அப்போப்டோசிஸின் அடையாளமாக நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். வெடித்த செல்லின் கிழிந்த சவ்விலும் அது ஒட்டும். எனவே இன்று நல்ல ஆய்வாளர்கள் காஸ்பேஸ் தடுப்பான், நெக்ரோஸ்டாட்டின், ஃபெர்ரோப்டோசிஸைத் தடுக்கும் ஃபெர்ரோஸ்டாட்டின் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, எது செல்லைக் காப்பாற்றுகிறது என்று பார்த்த பிறகே சாவுக்குப் பெயர் சொல்கிறார்கள்.

காசநோயில் இந்தப் பிரிவினை ஏட்டுச் சங்கதியாக நிற்பதில்லை. காசநோய் பாக்டீரியா வாழ்வது பெருவிழுங்கிச் செல்லுக்குள். அந்தச் செல் அப்போப்டோசிஸில் இறந்தால் பாக்டீரியாவும் சவ்வுக்குள் சிறைப்பட்டே அடுத்த செல்லால் விழுங்கப்படும். அதன் துணுக்குகள் டி-செல்களுக்குக் காட்டப்பட்டு எதிர்ப்பு வலுக்கும். வெடித்து இறந்தால் பாக்டீரியா விடுதலையாகி நுரையீரலில் பரவும். வீரியம் குறைந்த வகை முதல் சாவையும், வீரியமுள்ள வகை இரண்டாவதையும் விளைவிப்பதைப் பல ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. அந்த வெடிப்பில் ஒரு பங்கு ஃபெர்ரோப்டோசிஸ் என்று 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் எட்வர்டோ அமரல், ஆலன் ஷெர் குழு காட்டியது. தொற்றிய சுண்டெலிகளுக்கு அவர்கள் ஃபெர்ரோஸ்டாட்டின் கொடுத்தார்கள். பாக்டீரியாவைக் கொல்வது அந்த மருந்தின் வேலை அல்ல. நுரையீரல் திசு அழுகுவது குறைந்தது. அதோடு பாக்டீரியாவின் எண்ணிக்கையும் குறைந்தது.